ஆத்மநாதன் கடையில் எட்டு மோட்டார்

காலை பத்து மணிக்குக் கடையில் ஒரு மோட்டார்கூட இல்லை. பதினோரு மணிக்குப் பெண் வீட்டார் வருகிறார்கள். திருமயம் பைபாஸ் ஓரம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் ஆத்மநாதன் வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டுகிறவனின் வருமானம் அவன் கையில் இல்லை. மழை பெய்தால் வயலுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டாம். யாரும் மோட்டார் போட மாட்டார்கள். கரண்ட் ஒழுங்காக வந்தால் மோட்டார் எரியாது. இந்த வருஷம் மழையும் பெய்தது, புது டிரான்ஸ்ஃபார்மரும் வந்தது. ஊரே சந்தோஷமாக இருந்தது, இவனைத் தவிர.

பெண் இளமதி, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாசம் பிறந்தால் சம்பளம். இவனுக்கோ வயது முப்பத்து நாலு. "சொந்தத் தொழிலா? நிலையான வருமானம் இல்லையே" என்று ஏற்கெனவே நாலு இடம் தட்டிப்போயிருந்தது. இதையும் விட்டால் அவ்வளவுதான். வரனைக் கொண்டுவந்த சொர்ணவல்லி அத்தை, "அவுக கடையப் பாக்கணுமாம். நீ எப்பவும்போல இரு" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

எப்பவும்போல இருந்தால் கதை கந்தல்! பழைய இரும்புக் கடை வெள்ளைச்சாமியிடம் ஓடினான்.

"அண்ணே, எரிஞ்ச மோட்டார் எட்டு குடுங்க. மத்தியானம் திருப்பித் தாரேன்."

"வாடகை உண்டு."

"சரி. பதினோரு மணிக்கு மேல அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் எனக்குப் போனும் போடணும்."

"அதுக்குத் தனி ரேட்டு."

மோட்டார்களை வாசலில் வரிசையாக வைத்து நிமிர்ந்தால், ஒன்பது நாளில் முதல்முறையாக நிஜமாகவே ஒருவர் மோட்டாரோடு பைக்கில் வந்து நின்றார்.

"தம்பி, வீட்டுல குடிக்கத் தண்ணியில்ல. இன்னைக்கே கட்டித் தருவீகளா?"

ஆத்மநாதன் வாயைத் திறப்பதற்குள் கார் வந்துவிட்டது. பெண்ணின் அப்பா நாகராசும் அத்தையும் இறங்கினார்கள்.

"பத்து நாளாகுமே!" என்று அவர்கள் காதில் விழும்படி கத்தினான். "முன்னாடி எட்டு நிக்குதுல்ல!"

மோட்டாரோடு வந்தவர் அப்படியே புதுக்கோட்டைப் பக்கம் பைக்கைத் திருப்பினார். பார்த்துக்கொண்டிருந்த ஆத்மநாதனுக்கு நெஞ்சு எரிந்தது. சிரித்து வைத்தான்.

"வேலை ரொம்பவோ தம்பி?" என்றபடி உட்கார்ந்தார் நாகராசு.

"மூச்சு விட நேரமில்லீங்க."

அவர் முகம் சுருங்கியது. நம்பவில்லையோ? ஆத்மநாதனுக்கு வேர்த்தது. நல்லவேளை, போன் அடித்தது.

"ராத்திரி பன்னெண்டுக்குத்தாண்ணே முடியும்!" என்று அதில் உறுமினான்.

"ஞாயித்துக்கிழமை லீவு உண்டுல்ல?" என்று கேட்டார் நாகராசு.

அத்தை பின்னால் நின்று கண்ணைக் காட்டினாள். இன்னும் ஏத்திச் சொல்லச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

"லீவா? தீபாவளிக்கே அடைக்கலீங்க."

"சாப்பாட்டுக்காச்சும் வீட்டுக்குப் போவீகளா?"

"எங்கிட்டுப் போறது? வாரத்துல நாலு நாள் படுக்கையே இங்கிட்டுத்தான்."

மறுபடி போன். "இது ரெண்டாவது கால். இதுக்கு மேல ரேட்டு கூடும்" என்றார் வெள்ளைச்சாமி.

"ஆர்டருக்கு நன்றிண்ணே!" என்று வைத்தான்.

நாகராசு எழுந்துவிட்டார். வாங்கி வைத்த டீயைத் தொடக்கூட இல்லை. "சந்தோஷம் தம்பி. கெளம்புறேன்" என்று காரில் ஏறிப் போய்விட்டார். அத்தை மட்டும் நின்றாள்.

ஆத்மநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "பாத்தீகளா அத்தை? கடை ஓடுற ஓட்டத்தப் பாத்து மனுசன் வாயடைச்சுப் போயிட்டாரு!"

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட கூறுகெட்டவனே! அந்தப் புள்ளைக்கு மூணு ஷிப்டு வேலை. சம்பளத்த அவளே கொண்டாந்துருவா, வீட்டோட இருந்து புள்ளகுட்டியப் பாத்துக்கிற மாதிரி, கடையில ஈ ஓட்டுறவன் எவனாச்சும் இருந்தாச் சொல்லுங்கன்னு கேட்டாக. நான்தான்டா ஒன் பேரச் சொன்னேன்!"