இடப்பக்கம் முளைத்த கியர்

"உங்கப்பாட்ட சொல்லு, தோசை ஆறுதுண்டு."

நாகஜோதி இதைச் சொன்னது செல்போனிடம். போனின் அந்தப் பக்கம் இருந்தது, குமுளியில் கட்டிக்கொடுத்த மகள் திரிஷா. அப்பா விஜயபாண்டியோ அதே அடுப்படியில், மூன்றடி தள்ளி, தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, தோசை ஆறுதாம்" என்றது ஸ்பீக்கர்.

"தேங்காச் சட்னி இருக்காண்டு கேளு."

"அம்மா, சட்னி..."

"இல்லண்டு சொல்லு."

சட்னிக் கிண்ணம் அவள் காலடியில்தான் இருந்தது. கம்பத்தில் அந்த வீட்டில் நாற்பத்தோரு நாளாக இதே கதை. ஒரு கரண்டிச் சட்னிக்காகப் பேச்சு கேரளா வரைக்கும் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது.

காரணம் ஒரு பெட்ரோல் பங்க். தேனிச் சந்தையிலிருந்து வரும் வழியில், வீரபாண்டிப் பக்கம், விஜயபாண்டி தன்னுடைய கிழட்டு பிக்கப்புக்குப் பெட்ரோல் போட நிறுத்தினார். நாகஜோதி முகம் கழுவ இறங்கினாள். திரும்பி வந்தால் வண்டியைக் காணோம். வண்டியில் வைத்த போனையும் காணோம்.

மனுஷர் உத்தமபாளையம் வரைக்கும் அவளோடு பேசிக்கொண்டே போயிருக்கிறார். இருபது கிலோமீட்டர்! எதற்கும் எதிர்ப்பேச்சு வராததில் அவருக்கு ஏக சந்தோஷம். "இன்னைக்குத்தேன் நீ நல்ல புத்தியோட வார" என்று பாராட்டத் திரும்பியபோது பக்கத்து சீட்டில் ஒரு முட்டைக்கோஸ் மூட்டை மட்டும் இருந்தது.

நாகஜோதி பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். வாயைத் திறக்கவில்லை. பஸ் டிக்கெட்டை பீரோக் கண்ணாடியில் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டால் ஒட்டிவைத்தாள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் விஜயபாண்டி தலை சீவ வேண்டும்.

மன்னிப்புக் கேட்க அரை நிமிடம் போதும். என்ஜின் மாற்ற ஒரு மாதம் ஆகும். விஜயபாண்டி என்ஜினை மாற்றுவது என்று முடிவு செய்தார். ஆம்பளைப் புத்தியை என்னவென்று சொல்ல!

"தப்பு என் மேல இல்லடா சுருளி" என்றார் மெக்கானிக் சுருளிராஜனிடம். "பெட்ரோல் வண்டி. பங்க்கக் கண்டா நிக்குது. நின்னாத்தேன அவ எறங்குவா? எறங்குனாத்தேன நான் விட்டுட்டுப் போவேன்? ஒரு டீசல் என்ஜினப் போட்டுரு. பங்க்கு வாசலையே மிதிக்கக் கூடாது."

"அண்ணே, டீசலும் பங்க்குலதேன் ஊத்தணும். அதுக்கு மதினிட்ட ஒரு வார்த்த..."

"என்ஜினப் பத்திப் பேசு."

அவசரம் வேறு இருந்தது. அடுத்த மாதம் திரிஷாவுக்கு வளைகாப்பு. "ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கிட்டு வந்து நின்னீகண்டா எங்க மாமியா வீட்டுல என் மானம் போயிரும். பேசிக்கிட்டே வாறதா இருந்தா வாங்க. இல்லாட்டி வராதீக" என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். விஜயபாண்டிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒரே மகள், முதல் வளைகாப்பு.

மதுரையில் ஒரு பழைய ஜீப்பிலிருந்து கழற்றிய டீசல் என்ஜினும், அஞ்சு கியர் போடுகிற கியர் பாக்சும் வந்து இறங்கின. என்ஜின் நீளம் கூட. ரேடியேட்டரை முன்னால் தள்ளினார்கள். பானெட் மூடவில்லை. டிங்கர் கர்ணன் பானெட்டைத் தட்டித் தட்டி மேடாக்கினான். வண்டிக்கும் ஏழு மாசம் ஆனது போல ஆகிவிட்டது.

இந்தக் கர்ணன் வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசுகிற ஆள். அந்த வாரத்து வார்த்தை "மூடிருச்சு."

என்ஜின் மாற்ற அனுமதி கேட்டு விஜயபாண்டி ஒரு நாள் முழுக்க ஆர்டிஓ ஆபீசில் நின்றார். மறுநாள் பட்டறைக்கு வந்து பார்த்தால், பழைய வண்டியில் ஸ்டியரிங்கோடு இருந்த கியர், இப்போது தரையிலிருந்து முளைத்திருந்தது. அதுவும் இடப்பக்க சீட்டில் உட்காருகிறவர் முழங்காலுக்கு நேராக.

"என்னடா இது?"

"ஸ்டியரிங் பாக்ஸ் இடிச்சுச்சுண்ணே. என்ஜின எடப்பக்கமாத் தள்ளுனேன். கியர் பாக்சும் கூடவே போயிருச்சு." சுருளிராஜன் கூரையைப் பார்த்தபடி சொன்னான்.

"எனக்குக் கை எட்டாதே! கியர யாரு போடுறது?"

"பக்கத்துல இருக்குறவக."

கர்ணன் வெல்டிங் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டான்.

விஜயபாண்டி சளைக்கவில்லை. குடையின் வளைந்த பிடியைக் கியரில் மாட்டி இழுத்துக்கொண்டே தனியாகக் கூடலூர் வரை போனார். திரும்பும்போது செகண்ட் கியரில் குடைப்பிடி கையோடு வந்துவிட்டது. கம்பம் வரைக்கும் செகண்ட் கியர்தான். பின்னால் இரண்டு பஸ், ஒரு தண்ணி லாரி, ஏழெட்டு கார். எதிரே வந்த ஒருவர் பைக்கை ஓரங்கட்டி, தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு, "செத்தது யாருங்க?" என்று பவ்யமாகக் கேட்டார்.

வளைகாப்புக் காலை. நாகஜோதி பட்டுச்சேலை கட்டி, மடியில் கட்டுச்சோற்றுத் தூக்கோடு, இடப்பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கியர் அவள் முழங்காலுக்கு முன்னால் நின்றது. விஜயபாண்டி கிளட்சை மிதித்தார்.

"பஸ்ட்டு" என்றார் ரோட்டைப் பார்த்து.

நாகஜோதி போனை எடுத்தாள். "திரிஷா, உங்கப்பா என்னமோ மொனங்குறாக. என்னாண்டு கேளு."

"அம்மாவ பஸ்ட் கியர் போடச் சொல்லும்மா!" என்று விஜயபாண்டி போனைப் பார்த்துக் கத்தினார்.

"அம்மா, பஸ்ட் கியராம்."

டக். வண்டி நகர்ந்தது.

இப்படியே செகண்ட், தேர்டு, போர்த் எல்லாம் குமுளிக்குப் போய் வந்தன. கூடலூர்க் கடைத்தெருவில் ஒரு மாடு குறுக்கே வந்தபோது, தகவல் குமுளியிலிருந்து திரும்புவதற்குள் மாடே பயந்து ஒதுங்கிக்கொண்டது. திரிஷா கைக்கு வளையல் போடவந்த பெண்களை நிறுத்திவைத்துவிட்டு, "தேர்டு... இல்லம்மா, செகண்டு" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறினார்கள். இரண்டாவது வளைவில் போனில் டவர் போய்விட்டது.

சரியாக அங்கேதான் ஏற்றமும் செங்குத்து. வண்டி முக்கியது, முனகியது, ஆஃப் ஆகி நின்றது. விஜயபாண்டி பிரேக்கை மிதித்தபடி மறுபடி ஸ்டார்ட் செய்தார். பின்னால் குமுளி பஸ் ஒன்று ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை.

"பஸ்ட்டு" என்றார்.

நாகஜோதி மலையைப் பார்த்தாள்.

"பஸ்ட் கியரு."

மலை நன்றாகத்தான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விஜயபாண்டிக்கு வேர்த்து ஊற்றியது. மேலே மகள். கீழே பஸ். பக்கத்தில் இவள். இருபத்தாறு வருஷம் கூட இருந்தவள் இல்லாமல் இருபது கிலோமீட்டர் போனதை நினைத்தார்.

"நாகு... ஒன்னைய விட்டுட்டுப் போனது என் தப்புதேன்."

"கேக்கல. பஸ்ஸு ஹாரன் அடிக்கிறான்."

நாற்பத்தோரு நாளும் அதற்கு மேல் ஒரு மாதமும் கழித்து, அவரிடமே பேசிய முதல் பேச்சு! விஜயபாண்டிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மலையே அதிரக் கத்தினார்: "ஒன்னைய வீரபாண்டியில விட்டுட்டுப் போனது என் தப்புதேன்! மன்னிச்சுக்க ஆத்தா!"

பஸ் ஹாரன் நின்றது. ஜன்னல்களில் தலைகள் நீண்டன.

"இருபது கிலோமீட்டரும் தனியா என்ன பேசுனீக?"

"அது... ஒங்க அண்ணன் ஒரு வெவரங்கெட்ட ஆளுண்டு சொன்னேன்."

"அப்பறம்?"

"மீன் கொழம்புல நீ உப்புப் போட மறந்துர்றண்டு..."

நாகஜோதியின் உதடு துடித்தது. பிறகு பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. தூக்கு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "நான் உப்ப மறந்தேன். நீங்க பொண்டாட்டிய மறந்தீக. ஒங்க மறதிக்கு என் மறதி தேவல!"

டக்கென்று பஸ்ட் கியரைப் போட்டாள். பஸ்ஸிலிருந்து கைதட்டல் கேட்டது.

குமுளியில் திரிஷாவின் மாமியார் வீட்டு வாசலில் இருவரும் உப்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வந்து இறங்கினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்ட திரிஷா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

அடுத்த வாரம் ஆயில் மாற்றப் பட்டறைக்குப் போனார்கள். நாகஜோதி எதிர்க்கடையில் பூ வாங்கப் போனாள்.

"அண்ணே, ஒரு வளஞ்ச கம்பி வச்சா கியர ஒங்க பக்கமே கொண்டாந்துரலாம். அரமணி நேர வேலைதேன்" என்றான் சுருளிராஜன்.

"வேணாம்டா. அவளுக்கு அது பழகிப்போச்சு, பாவம்." விஜயபாண்டி மீசையைத் தடவினார். "என்ஜின மாத்துனா எல்லாம் சரியாப் போகும்ண்டு அன்னைக்கே சொன்னேனா இல்லையா? என் மூளை எப்புடி வேல செஞ்சிருக்கு பாத்தியா?"

கர்ணன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினான். டூல்ஸ் பெட்டியைத் துழாவி, கியருக்காக உளியால் வெட்டி எடுத்த தரைத் தகரத் துண்டை நீட்டினான். வட்டமான அந்தத் துண்டின் நட்டநடுவில் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு இருந்தது.

"இத மதினிட்ட குடுத்துருங்கண்ணே. நீங்க ஆர்டிஓ ஆபீசு போன அன்னைக்கு வந்து, 'ஓட்டைய இங்கன போடுங்க, இனிமே நான் ஏறாம இந்த வண்டி ஒரு அடி நகரக் கூடாது'ண்டு ஒட்டிட்டுப் போனாக."