ஃபர்ஸ்ட் வந்த சாணி

ஒரு காட்டுல, கத்திரி வெயில் மண்டையப் பொளக்கற சமயத்துல, மாயக்கான்னு ஒரு எருமை இருந்தா. அவளோட மேய்ச்சல் நிலத்துல இருந்தது பூரா காஞ்ச கோரை. அது புல்லா துடைப்பமான்னு அவளுக்கே டவுட்டு. பால் சுண்டிப் போச்சு. பொறந்து இருபது நாளான கன்னுக்குட்டி மடிய முட்டி முட்டிப் பார்த்துட்டு, "அம்மா, பசிக்குது"ன்னு அழுதுச்சு.

அப்பத்தான் ஒரு அறிவிப்பு வந்துச்சு. சத்தில்லாத தீனி திங்கிறவங்களுக்கு இலவசப் பிண்ணாக்கு. தீனியில சத்து இருக்கா இல்லையான்னு சாணிய வச்சு டெஸ்ட் பண்ணுவாங்க. ஆபீசர் யாரு? சாணி வண்டு. அந்த சப்ஜெக்ட்ல அதை அடிச்சுக்க ஆளேது?

காலையில எல்லாரும் தேக்கிலையில சாணியோட க்யூவுல நின்னாங்க. மாயக்கா தன்னோடதப் பார்த்தா. காஞ்சு, வெடிச்சு, வறட்டி மாதிரி கிடந்துச்சு.

பின்னாடி நின்னவன் சொக்கன். அடிவாரக் கோயில் காளை. வாழப்பழமும் பொங்கலும் தின்னே வளர்ந்தவன். அவன் சாணி பளபளன்னு இருந்துச்சு.

"ஆபீசர் முன்னாடி இதையாக்கா வைக்கப் போற?"

"அதாண்டா தம்பி, கூச்சமா இருக்கு. நாலு பேரு பார்ப்பாங்கல்ல."

"இலைய மாத்திக்கலாமா?"

"உனக்கு அசிங்கமா இருக்காதாடா?"

"உனக்காகத் தாங்கிக்கறேன்க்கா."

மாயக்காவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்.

வண்டு அவ இலையில ஏறி நடந்துச்சு. மோந்துச்சு. கொஞ்சம் உருட்டியும் பார்த்துச்சு. "அடேங்கப்பா! புரதம் பிரமாதம், நார் அளவு கச்சிதம். காட்டுலயே நீதாம்மா ஃபர்ஸ்ட்!"

மாயக்காவுக்குத் தலைகால் புரியல. "அப்ப பிண்ணாக்கு?"

"உனக்கெதுக்கு? நெக்ஸ்ட்!"

அடுத்து சொக்கன். வண்டு அவன் இலையப் பார்த்துட்டு அவனையும் ஒரு தடவ மேலயும் கீழயும் பார்த்துச்சு. "உடம்பெல்லாம் வீக்கம் போலிருக்கு, பாவம். ரெண்டு மூட்டை தூக்கிட்டுப் போப்பா."

அன்னைக்குச் சாயங்காலமே மொத்த மந்தையும் மாயக்கா நிலத்துல வந்து எறங்கிருச்சு. ஃபர்ஸ்ட் வந்த எடமாச்சே!

"ஐயோ, இது வெறும் கோரைங்க!"

"ரிப்போர்ட்டு சொல்லுது, நீ மறைக்கிறியா?"ன்னு கேட்டுக்கிட்டே வேரோட மேஞ்சுட்டுப் போயிட்டாங்க.

மூணு நாளா மாயக்கா வயித்துல தண்ணியத் தவிர ஒண்ணுமில்ல. கன்னுக்குட்டி முட்டறதையே நிறுத்திருச்சு. அதப் பார்த்ததும் மானமாவது மண்ணாங்கட்டியாவதுன்னு வண்டுகிட்ட ஓடினா.

"ஐயா, அன்னைக்கு வச்சது என்னோடதே இல்லீங்க. மறுபடி டெஸ்ட் பண்ணுங்க."

வண்டு கோவிச்சுக்கவே இல்ல. தங்கமான மனசு. "உண்மையச் சொன்னியே, அது போதும்மா. இப்பவே பண்ணிரலாம். சாம்பிள் வை."

மாயக்கா முக்கினா. கண்ணு பிதுங்க முக்கினா.

"ஒண்ணும் எறங்கலையேய்யா. தின்னாத்தானே வரும்?"

வண்டு ரூல் புக்கப் பொரட்டிப் பார்த்துட்டு உச்சுக் கொட்டுச்சு.

"சாணி இல்லாம பட்டினின்னு எழுத முடியாதும்மா. எங்கயாவது போய் வயிறு நெறையத் தின்னுட்டு வா. நீ பட்டினிதான்னு நானே சீல் வச்சுத் தர்றேன்."

நீதி: பட்டினின்னு மனு குடுக்கப் போறவங்க, வீட்டுலயே நல்லா சாப்பிட்டுட்டுப் போங்க.