ஹார்ட் டிஸ்க்குக்குப் போட்ட மொட்டை

ஒரு குடும்பத்தில் ஒருவன் கம்ப்யூட்டர் படித்துவிட்டால் போதும், டிவி ரிமோட்டிலிருந்து மிக்சி வரை எல்லாவற்றுக்கும் அவன்தான் டாக்டர். டாக்டருக்கு வைத்தியம் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. நானும் தெரியாது என்று சொன்னதில்லை.

என் அக்காவைப் பொதட்டூர்பேட்டையில் கொடுத்திருந்தோம். பாவா, அதாவது அக்காவின் கணவர், தறிகளுக்குச் சேலை பார்டர் டிசைன் போட்டுக் கொடுப்பவர். அவர் வருடக்கணக்காக வரைந்த மயில்களும் மாங்காய்களும் ஒரே ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரில் குடியிருந்தன. பொங்கலுக்குப் போனவன் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டர் முழுவதையும் ஒரே இமேஜாக, அதாவது அச்சு அசலான முழு நகலாக எடுத்து, தனி டிஸ்க் ஒன்றில் போட்டுக் கொடுத்தேன்.

“இனிமே மெஷினே எரிஞ்சாலும் கவலையில்ல பாவா. புதுசுல ஏத்தினா அச்சு அசலா அப்படியே திரும்பி வரும்” என்றேன்.

ஆவணியில் ஒரு இடி. மெஷின் என் பேச்சைத் தட்டாமல் எரிந்துபோனது. தீபாவளிச் சேலைகளுக்கென்று அவர் பொறுக்கி வைத்திருந்த பழைய டிசைன் அத்தனையும் அதற்குள். வாரக் கடைசிக்குள் தறியில் ஏறாவிட்டால் சென்னைக் கடைக்காரர் ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார். பாவா போனில் புலம்பவில்லை. “அப்படியே வரும்னியே மச்சான், கொஞ்சம் வா” என்றார். அதற்குப் புலம்பியிருக்கலாம்.

எனக்கு அப்போது வேறொரு கவலை. அந்த ஞாயிறு அரக்கோணத்தில் பெண் பார்க்கப் போகவேண்டும். அதற்காகவே முன்னந்தலையில் கொஞ்சம் முடி வளர்த்து, கண்ணாடி கண்ணாடியாகப் பார்த்துச் சீவி, பாதுகாத்து வந்தேன்.

புதுக் கம்ப்யூட்டரை நானே தேர்ந்தெடுத்தேன். மின்னல் வேக டிஸ்க். அளவு மட்டும் பழையதில் பாதி. நகலைத் திரும்ப ஏற்றும் ‘ரீஸ்டோர்’ பொத்தானை அழுத்தியதும் ‘இடம் போதாது’ என்றது. பழைய டிஸ்க்கில் முக்கால்வாசி காலிதான். அந்தக் காலி இடத்தையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்தால்தான் அந்த மென்பொருளுக்குத் திருப்தி. அரக்கோணத்துக்கு ஓடிப் பெரிய டிஸ்க் வாங்கிவந்தேன். இந்தமுறை எல்லாம் ஏறியது. பெருமையோடு ரீஸ்டார்ட் செய்தேன். நீலத் திரையில் சோகமாக ஒரு முகம் வந்து நின்றது.

“இது யாருடா?” என்றாள் அக்கா.

“பழைய சிஸ்டத்துக்குப் புது மதர்போர்டு யாருன்னு தெரியலக்கா. அதான் எழுந்திரிக்க மாட்டேன்னுது.”

“புதுசா வந்த மருமவளுக்குந்தான் வீட்ல யாரையும் தெரியாது. சோறாக்காம உக்காந்துகினா கீறா?”

கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாசுக்குள் புகுந்தேன். தெரிந்ததை ஒருமுறையும் தெரியாததைப் பலமுறையும் மாற்றிப் பார்த்தேன். அந்த முகத்தின் சோகம் குறையவே இல்லை. வெள்ளிக்கிழமை பாவா சாப்பிடாமல் எழுந்துபோனார். என் வாய்க்கொழுப்பை நம்பித்தானே மனிதர் வேறு ஏற்பாடு எதுவும் செய்யாமல் இருந்துவிட்டார்.

அப்போதுதான் அக்கா திருத்தணி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். (எங்கள் பக்கத்து வேண்டுதலில் ஒரு வசதி உண்டு. வேண்டிக்கொள்வது ஒருவர், தலை இன்னொருவருடையது.)

“முருகா, அந்த டிசைனுங்க மட்டும் வந்துட்டா, உன் மலைக்கு இட்டாந்து என் தம்பிக்கு மொட்டை அடிக்கிறேன்.”

“என் தலைக்கா? பாவா தலை இருக்குதே!”

“அவருக்கு ஏற்கெனவே வழுக்கை. சாமிய ஏமாத்தச் சொல்றியா?”

அந்தப் பதற்றத்தில்தான் மென்பொருளின் உதவிப் பக்கத்தை முதன்முறையாகத் திறந்தேன். (படித்தவர்கள் அதையெல்லாம் படிப்பதில்லை.) இமேஜை முழுசாக ஏற்ற வேண்டிய அவசியமே இல்லையாம். டபுள் கிளிக் செய்தால் சாதாரண டிரைவ் மாதிரி திறக்குமாம். வேண்டிய போல்டரை மட்டும் எடுத்துக்கொள்ளலாமாம். என் லேப்டாப்பில் திறந்தேன். மயிலும் மாங்காயும் ஒன்று குறையாமல் வரிசையில் நின்றன. பாவா என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். என் கண்ணும் கலங்கியது, வேறு காரணத்துக்காக.

“அக்கா, இது முருகன் இல்ல. வெறும் டபுள் கிளிக்.”

“ஆங்! இத்தினி நாளா வராத புத்தி, நான் வேண்டிக்கினதும் எப்படிடா வந்துச்சி?”

சனிக்கிழமை மலையில் முடி போனது. ஞாயிற்றுக்கிழமை அரக்கோணத்தில் சந்தனம் பூசிய தலையோடு உட்கார்ந்தேன்.

“யாருக்குங்க உடம்பு சரியில்ல?” என்று பெண் கவலையாகக் கேட்டாள்.

“ஹார்ட் டிஸ்க்குக்கு” என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் காபித் தட்டு ஆடியது.

அவளையே கட்டிக்கொண்டேன். தறி ஓடியது, தீபாவளியும் நல்லபடியாகப் போனது. முடியும் வளர்ந்தது, நான் பாதுகாத்த அந்த முன்னந்தலையை மட்டும் விட்டுவிட்டு. இன்றைக்கும் யார் வீட்டிலாவது நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால், என் மனைவி முந்திக்கொள்வாள்.

“அப்படியே திரும்பி வரும்னு இவர் சொன்னா நம்பாதீங்க. இவர் முன்னந்தலையப் பாருங்க, இன்னும் ரீஸ்டோர் ஆயிகினே இருக்குது.”