ஏழு குழிக்கும் ஏழு பொட்டு

வலியசாலை,
8-10-2003, புதன்.

கோட்டாறு மைத்துனர் தாணுமாலையன் அவர்களுக்கு, அத்தான் ஆறுமுகநயினார் சொல்ல, எனக்கு எழுத்து வாசனை இல்லாததால் மருமகள் அஜிதா எழுதுவது. இங்கு வண்டி நீங்கலாக எல்லாரும் சுகம். அங்கு உம்மைத் தவிர எல்லாரும் சுகமாக இருக்க பகவதியை வேண்டுகிறேன்.

மாப்பிளே, உம்ம மகன் பிரஜின் துபாயிலிருந்து கப்பலில் கொண்டுவந்த டிரெய்லரை எங்கள் தலையில் கட்டினீரே, அதை உடனே வந்து இழுத்துக்கொண்டு போகவும். சித்திரை பதினாலு, ஞாயிற்றுக்கிழமை, நீர் நீலக்கரை வேட்டி உடுத்து, எங்கள் வீட்டு ரசவடையில் நாலைத் தின்றுவிட்டு, "அத்தான், இதுல கரண்டு பிரேக்கு இருக்கு, முன்னால பெடலை மிதிச்சா பின்னால தானே நிக்கும்" என்று சொன்னீர். ஒரு எழுத்து மறக்கவில்லை. அதை நம்பித்தான் என் மகன் வேலப்பன் ஜெனரேட்டரை அதன்மேல் ஏற்றி, தெருக்கோயில் ஐப்பசித் திருவிழாவுக்கு வெளிச்சம் தருகிறேன் என்று செயலாளர் கோலப்பனிடம் வாக்குக் கொடுத்தான். கோலப்பன் வெள்ளிக்கிழமை வண்டியில் ஏறி ஜகதி இறக்கத்தில் நிறுத்திப் பார்ப்பாராம். நிற்கவில்லை என்றால் திருவிழா இன்னொரு ஜெனரேட்டர்க்காரன் வன்னியராஜுக்குப் போய்விடும். அவனுக்குப் போனால் நான் தெருவில் தலைகாட்ட முடியாது, கேட்டீரா.

விஜயதசமி அன்று டிரெய்லரை எங்கள் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி எடுத்தோம். பெடலை மிதித்தால் டிரெய்லர் நிற்கவில்லை, அதன் விளக்குகள் மட்டும் மங்கலாக எரிந்தன. பின்னாலிருந்து மாடு முட்டுவதுபோல் அது பிக்கப்பை முட்டி, லாட்டரிக்காரன் மேசை வரை கொண்டுபோய் விட்டது. இடது சிக்னல் போட்டால் அதன் சக்கரத்துக்குள் டிக் டிக் என்று சத்தம், வண்டியும் விக்கி விக்கிப் போகிறது. அதனால் வேலப்பன் வலப்பக்கம் மட்டுமே திரும்பிக் கிழக்கேகோட்டைக்குப் போனான். பத்து நிமிஷ வழிக்கு முக்கால் மணி நேரம். வழியெல்லாம் உம்மை நான் சொன்னதை அஜிதா எழுத மறுக்கிறாள். "மாமா, இதெல்லாம் லெட்டர்ல வேண்டாம்" என்கிறாள். நேரில் சொல்கிறேன்.

கிழக்கேகோட்டையில் எலக்ட்ரீஷியன் மகாராஜா. மஞ்சள் ஒயர் இடது சிக்னல், நீலம் பிரேக், வெள்ளை எர்த்து என்று நீர் அன்று சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவன் பேட்டரியிலிருந்து டிரெய்லர் இரும்புக்குத் தனியாக ஒரு ஒயர் இழுத்துத் தொட்டான். எல்லாம் சரியாக வேலை செய்தது. அந்த ஒயரை எடுத்தான், பழைய கதை. "எர்த்து தான் பாட்டா. கரண்டு திரும்பிப் போக வழியில்லாம கண்ட ஒயர்ல எல்லாம் கேறுது" என்றான். பிறகு இரண்டு வண்டியையும் சேர்க்கிற ஏழு குழிப் பிளக்கைத் திறந்து, உள்ளே வெகுநேரம் பார்த்தான்.

"பாட்டா, இதுக்குள்ள சந்தனம் வச்சது ஆரு?"

ஆயுதபூஜைக்கு ஸ்டியரிங்குக்குப் பொட்டு, டயருக்குப் பொட்டு, ஜாக்கிக்குப் பொட்டு. ஏழு குழியை மட்டும் மூளியாக விடவா முடியும்? ஒவ்வொன்றுக்கும் விரல் நிறைய வைத்தேன். எர்த்துக் குழி கொஞ்சம் பெரிசாக இருந்ததால் கூட வைத்தேன். அது காய்ந்து கல்லாகிவிட்டதாம். மகாராஜா ஊசியால் தோண்டி எடுத்துவிட்டு, "சாமி சாமானை இனி நெத்தியோட நிறுத்துங்கோ" என்றான். இருந்தாலும் மாப்பிளே, மூடி சரியில்லாத குழியை வைத்து விற்றது யார் தப்பு? பூஜை தாங்காத வண்டி எங்களுக்கு வேண்டாம். எங்கள் பிக்கப்பைப் பாரும், தங்கம், பதினாறு வருஷமாகச் சந்தனத்தில்தான் குளிக்கிறது. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் வரவும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உமக்கு வண்டியை எடுத்த பிறகு.

இப்படிக்கு,
ஆறுமுகநயினார் (கைநாட்டு)

பி.கு.: வெள்ளி மாலை. தபால் தலை இல்லாமல் கடிதம் வீட்டிலேயே கிடந்தது நல்லதாயிற்று. ஜகதி இறக்கத்தில் எங்கள் பிக்கப்பின் பிரேக் பெடல் சேற்றில் மிதித்ததுபோல் உள்ளே போய்விட்டது, வண்டி நிற்கவில்லை. நடுவில் கோலப்பன், ஓரத்தில் நான். நான் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். வேலப்பன் டிரெய்லர் பிரேக்குக்கென்று இருக்கிற கைப்பிடியைத் தள்ளினான். டிரெய்லர் பின்னாலிருந்து இரண்டு வண்டியையும் பிடித்து நிறுத்திவிட்டது. அதுதான் பரீட்சை என்று கோலப்பன் நினைத்துக்கொண்டார். "கொள்ளாம், திருவிழா உங்களுக்குத்தான்" என்றார். நாங்கள் திருத்தவில்லை. நீர் வர வேண்டாம். டிரெய்லர் இங்கேயே இருக்கட்டும். பிக்கப் வாங்க ஆள் யாராவது உண்டா என்று விசாரிக்கவும்.