இருபது மடங்கு ஊசி

களுதாவளை
14.03.2008

அன்புள்ள மருமகன் குணநாயகத்துக்கு,

பிள்ளையார் துணையால் நானும் உன் மாமியும் நலம். என் கழுத்துக் கட்டியும் நலமாகவே இருக்கிறது, வளரவில்லை. நீ லண்டன் குளிருக்குத் தக்க உடுப்போடு இருப்பாய் என்று நம்புகிறேன்.

நுனியில் மயிரளவு ஸ்கேன் கருவி பொருத்திய ஊசியை உங்கள் ஆய்வுகூடத்தில் செய்வதாகவும், உள்ளே போகும்போதே அது தன் வழியைத் திரையில் காட்டும் என்றும் எழுதி, படமும் அனுப்பியிருந்தாய். அது வரும்வரை கட்டியில் வேறு ஊசி படக்கூடாது என்று இரண்டு கிளினிக் நாள்களைத் தவறவிட்டேன். சரியோ பிழையோ தெரியாது. மூன்றாவது நாளான போன திங்கள், டொக்டருக்கு ஒழுங்காக விளக்கலாமென்று நீ அனுப்பிய ஊசிப் படத்தை இருபது மடங்கு பெருப்பித்து வரைந்து கொண்டுபோனேன். முப்பது வருடம் நில அளவைக் கந்தோரில் வரைந்த கை, அளவு பிசகாது. அதுதான் வினையாயிற்று. பாலத்துச் சென்றிக் காவலரணில் சுருளை விரித்த சிப்பாய் கண்டது, கூர்முனையும் வயரும் உள்ள நாலடிச் சாமான். "ஐயா, இது றொக்கட்?" என்றான். "ஊசி" என்றேன். இரண்டடி பின்னுக்குப் போய்விட்டான். அவனுடைய மேலதிகாரி வந்தார். அளவுத்திட்டத்தைக் காட்டினேன், கழுத்தைக் காட்டினேன், கிளினிக் அட்டையையும் காட்டினேன். அவர் அட்டையை வாசித்து, இன்றைக்கு ஊசி குத்தினால் நான் சொன்னது உண்மை, குத்தாவிட்டால் பொய் என்று ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொல்லி, அந்தச் சிப்பாயையே என்னோடு அனுப்பினார். கிளினிக்கில் காத்தான்குடி நர்ஸ் றமீஸா, "ரெண்டு தரம் ஓடின ஆள் இண்டைக்கு ஆமியோட வந்திரிக்காரு!" என்று எல்லாரும் கேட்கச் சொன்னாள். பிறகு ஓடுவது எப்படி? டொக்டர் வெறும் ஊசியால் கட்டியில் குத்திச் சோதனைக்கு எடுத்தார். பத்து விநாடி. சிப்பாய்தான் பார்க்கமாட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். வீட்டில் உன் மாமி, "இதுக்கா ரெண்டு மாசம் என்னைப் போட்டு வதைச்சீங்க? மருமகன்ட ஊசி வேணாம், அந்த ஆமிப் பொடியனே காணும்" என்றாள். யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. ஆகவே என் பொருட்டு அவசரப்படாதே. சனி ஞாயிறில் ஓய்வெடு. சாதாரண ஊசியே போதும் என்று உங்கள் பேராசிரியருக்கும், என் பெயரைச் சொல்லாமல், தெரிவிக்கலாம்.

உனக்கு நீண்ட ஆயுளையும் தெளிந்த கண்பார்வையையும் பிள்ளையார் தரட்டும்.

இப்படிக்கு
உன் மாமா
க. கோணாமலை
(இளைப்பாறிய படவரைஞர்)

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது றமீஸாவின் டெலிபோன் வந்தது. "ஐயா, ஊசி பக்கத்தால போயிட்டாம், கட்டியில படவே இல்ல. பயப்பிட ஒண்டுமில்ல, வாற திங்கள் திரும்பக் குத்தோணும்." மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. சனி ஞாயிறும் வேலை செய். ஊசி திங்களுக்கு முன் வந்தாக வேண்டும். படம் அனுப்பாதே. காலை ஏழு மணிக்கு என்னைக் கூட்டிப்போக வரும்படி அந்தச் சிப்பாயிடம் உன் மாமி இப்போதே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.