ழிவோரா பிளஸ்

ஒரு காட்டில் ஒரு முதலை பட்டினி கிடந்தது. காட்டில் முதலைக்கு என்ன வேலை என்று எடுத்த எடுப்பிலேயே குறுக்கே விழாதீர்கள்; காடு என்றால் நடுவே ஓர் ஆறு ஓடத்தான் செய்யும், ஆற்றில் முதலை இருக்கத்தான் செய்யும். பெயர் வெள்ளியங்கிரி. நல்ல ஆகிருதி, நல்ல பல்வரிசை, கடிக்கத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. முன்பெல்லாம் கட்டைபோலக் கிடந்தால் போதும், ஏதாவது ஒரு மான் தண்ணீர் குடிக்க வந்து அவரை மிதிக்கும். இப்போது நேற்றுப் பிறந்த குட்டிகூட, அது கட்டை இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மேலாற்றுப் பக்கம் போய்விடுகிறது. போன அமாவாசைக்கு ஒரு தவளை தின்றதோடு சரி. இந்தக் கோடையைத் தாண்டுவோமா என்பதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மரநாய் தீபன் டவுனிலிருந்து வந்து சேர்ந்தான். அங்கே ஏதோ ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் மேற்கூரைக்குள் குடியிருந்தவன். கீழே நடக்கும் மீட்டிங்கை எல்லாம் மேலே படுத்தபடி கேட்டுக் கேட்டே தேறிவிட்டான். வரும்போது யாரோ சார்ஜில் போட்டிருந்த ஒரு செல்போனையும் கவ்விக்கொண்டு வந்துவிட்டான். அதில் பெயர் வைக்கும் ஆப் ஒன்று இருந்தது. புதுப் பொருளோ புதுத் திட்டமோ, எதுவானாலும் சரி, உலகத்தில் இதுவரை இல்லாத ஒரு பெயரை அது போட்டுக் கொடுக்கும்.

வெள்ளியங்கிரி தன் கஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்தார். தீபன் கையமர்த்தினான். கதையெல்லாம் வேண்டாம், ஆப் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றான். பெயரில் எத்தனை எழுத்து வேண்டும், பிடித்த நிறம் எது, கேட்டதும் வாடிக்கையாளருக்கு என்ன தோன்ற வேண்டும். வெள்ளியங்கிரி யோசித்து, மூன்றெழுத்து, பச்சை, கிட்டே வரணும்போலத் தோன்ற வேண்டும் என்றார். பொருள் என்னவென்று ஆப்பும் கேட்கவில்லை, தீபனும் கேட்கவில்லை. அந்தத் தொழிலில் அது வழக்கமில்லையாம்.

போன் கொஞ்ச நேரம் சுற்றியது. அக்குவினோ, நீரிக்ஸா, பச்சிஃபை என்று வரிசையாகக் கொட்டிவிட்டுக் கடைசியில் 'ழிவோரா' என்றது. ழ இருப்பதால் பாரம்பரியம், ரா இருப்பதால் வெளிநாடு, பின்னால் ஒரு பிளஸ் சேர்த்தால் பெரிய இடம் என்று தீபன் விளக்கினான். வெள்ளியங்கிரிக்கு அதைச் சொல்லவே வரவில்லை. முதலை நாக்கு அடித்தாடையோடு ஒட்டிக் கிடப்பது. ழகரத்துக்கு எங்கே வளையப் போகிறது? சொல்ல வராவிட்டால் இன்னும் விசேஷம் என்றான் தீபன். ஆற்றங்கரை அத்திமரத்தில் பலகை தொங்கியது: 'ழிவோரா பிளஸ். சில இடங்களே உள்ளன.' கூலியாக அந்த மரத்துப் பழத்தை அவன் எடுத்துக்கொண்டான்.

மறுநாளே கூட்டம் கூடிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அது என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளத்தான் ஒருவருக்கும் மனசில்லை. காட்டெருமை போய்க் காட்டுப்பன்றி ராயப்பனிடம் கேட்டது. இன்னுமா தெரியாது என்று ராயப்பன் இளக்காரமாகச் சிரித்துவிட்டு, நைசாக நகர்ந்து கடமானிடம் விசாரித்தான். இதெல்லாம் சொன்னால் புரியாது, அனுபவிக்கணும் என்றது கடமான். ஒரே ஒரு முயல் மட்டும் வெள்ளந்தியாக, "ஏனுங்க, அப்படின்னா என்னங்க?" என்று சத்தமாகக் கேட்டுத் தொலைத்தது. மொத்த வரிசையும் திரும்பி அதை ஏற இறங்கப் பார்த்தது. பாவம், அதன் காது இரண்டும் தொங்கிப்போயின. வாயை மூடிக்கொண்டு அதுவும் வரிசையில் நின்றது.

முதல் ஆள் ராயப்பன். வெள்ளியங்கிரி வாயைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். "காலைக் கழுவிட்டு வரணுங்களா?" என்று ராயப்பன் பவ்வியமாகக் கேட்டான். வாய் திறந்திருந்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவன் கழுவிக்கொண்டே உள்ளே போனான்.

அப்புறம் என்ன, தினம் ஒரு விருந்து. திரும்பி வராதவர்களை யாரும் தேடவில்லை. ராயப்பன் எங்கே என்று கேட்டால் அவன் பெண்டாட்டி காளியாத்தாள், அவர் ழிவோராவில் சேர்ந்துவிட்டார், வீட்டுக்கு வரக்கூட நேரமில்லை என்று பெருமையடித்துக்கொள்வாள். சேர்ந்தவர்களில் ஒருவர்கூட ஒரு குறை சொன்னதில்லை என்ற பேச்சு பரவி, பக்கத்துக் காட்டிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வெள்ளியங்கிரிக்கு முகத்தில் களை வந்தது. தொந்திகூட லேசாக எட்டிப் பார்த்தது.

ஒருநாள் வரிசையை மீறிக்கொண்டு தீபன் முன்னால் வந்து நின்றான். பெயர் வைத்தவனுக்கே ஓர் இடமில்லையா, என்னை உள்ளே விடுங்கள் என்றான். வெள்ளியங்கிரிக்குத் திக்கென்றது. தன்னைப் பிழைக்கவைத்த பையனைத் தின்பதா? இத்தனை பேர் காது கேட்க உண்மையைச் சொன்னாலோ நாளையிலிருந்து மறுபடியும் பட்டினிதான், அப்புறம் சாவுதான். வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொல்லியே விட்டார்.

"தம்பி, வேண்டாம். இது வெறும் வாய்தான். உள்ளே வந்தவங்களை எல்லாம் நான் தின்னுட்டேன்."

தொலைந்தோம் என்று வெள்ளியங்கிரி கண்ணை மூடிக்கொண்டார். வரிசையில் முதலில் குசுகுசுவென்று பேச்சு, பிறகு சலசலப்பு. இடம் தீர்ந்துபோச்சுபோல, அதுதான் பயங்காட்டி விரட்டப் பார்க்கிறார் என்றது காட்டெருமை. என் வீட்டுக்காரரை மட்டும் சேர்த்துக்கொண்டு எனக்கு மட்டும் சாக்குச் சொல்வதா என்று காளியாத்தாள் சண்டைக்கே வந்துவிட்டாள். பின்னால் நின்றவர்கள் இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். தீபனுக்கு நெஞ்சே வலித்தது.

"பேரு வெச்ச எங்கிட்டயே மறைக்கறீங்களாண்ணா?" என்றான். சொன்ன கையோடு, வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள் கடைவாய்ப் பல்லைப் பிடித்து ஏறி உள்ளே குதித்துவிட்டான். வெள்ளியங்கிரி அவனைத் துப்பிவிடத்தான் பார்த்தார். பின்னாலேயே காளியாத்தாள் முட்டித் தள்ளிக்கொண்டு நுழைந்ததில் பையன் தொண்டையைத் தாண்டி இறங்கிவிட்டான்.

வெள்ளியங்கிரி அழுதார். சத்தியமாக நெஞ்சாரத்தான் அழுதார். முதலை அழுதால் யார் நம்பப் போகிறார்கள்? வாடிக்கையாளர் மீது எத்தனை பாசம் பாருங்கள் என்று வரிசை கைதட்டி, ஓரடி முன்னால் நகர்ந்தது.

நீதி: உண்மையைச் சொல்ல ஒருபோதும் பயப்படாதீர்கள், அதற்கு முன்னால் யாருக்கும் புரியாத ஒரு பெயரை மட்டும் வைத்துவிடுங்கள்.