செருப்புக் கணிப்பு

உலகம் இதுவரை கண்ட கல்வி மேதைகளை ஒரு தட்டிலும், அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வாத்தியாரை மறுதட்டிலும் வைத்தால், முதல் தட்டு வெட்கப்பட்டு மேலே போய்விடும். மற்றவர்கள் சொல்லிக் கொடுத்த பிறகுதான் மாணவரை எடைபோடுவார்கள். வாத்தியார் அப்படி நேரத்தை வீணாக்குவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கணித்துவிடுவார். சோடி சேர்ந்து நின்றால் 'தேறும்'. ஒன்று குப்புற விழுந்தால் 'தேறாது'. கணிப்பு இன்றுவரை பொய்த்ததில்லை.

பல் டாக்டரின் மகன் ஷூவைக் கழற்றாமலே உள்ளே வந்தான்.

"அடடா, இது பைலட் கால்!" என்று வாத்தியார் உருகினார்.

பையன் முதல் நாளே வண்டியைச் சுவரில் கொண்டுபோய் முட்டினான்.

"சுவரை எவன்யா இவ்ளோ கிட்ட கட்டுனது? நீங்க ரிவர்ஸ் எடுங்க தம்பி, அருமையா வரும்."

மூன்று சுவர்களுக்குப் பிறகு அருமையாகவே வந்தது.

மருந்துக்கடையில் பொட்டலம் கட்டும் பெண்ணின் செருப்போ, இரண்டுமே குப்புற விழுந்தன. கடை வேனை ஓட்டும் வேலையை அவளுக்குத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். இந்த மாதம் லைசென்ஸ் வராவிட்டால் வேலை முதலாளியின் மச்சானுக்குப் போய்விடும். அழுதபடி சொன்னாள்.

வாத்தியார் இரக்கப்பட்டார். பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவள் ஓட்டிய நாளெல்லாம் அதிலிருந்து காலை எடுக்கவில்லை.

"சார், கீழ நடுவுல ஒரு பெடல் இருக்கே, அது எதுக்கு?"

"அதெல்லாம் தேறுறவங்க கேக்குற கேள்விம்மா. உங்க அளவுக்கு ரோட்டைப் பாத்தாலே பெரிசு."

சோதனை நாள் வந்தது. அதிகாரியின் வண்டியில் இரண்டாவது பிரேக் கிடையாது. பல் டாக்டர் மகன் தேறினான். அடுத்து அவள் ஏறினாள். பதமாகக் கிளப்பினாள், வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போனாள். அதிகாரி தலையாட்டி ரசித்தார். வெளியே நின்ற வாத்தியாருக்கு ஒரே கவலை. கணிப்பு என்னாவது?

நிறுத்தக் கோடு வந்தது. அவள் நிம்மதியாகக் கையைக் கட்டிக்கொண்டாள். வண்டி கோட்டைத் தாண்டி டயர்க் குவியலில் போய்ச் சொருகியது.

வாத்தியார் முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தார். "மொத நாளே சொன்னேன் சார், இது தேறாதுன்னு!"

அதிகாரி இறங்கினார். "ஏம்மா, வண்டிய நிறுத்தணும்னு தெரியாதா?"

"நானா நிறுத்தணும்?" அவள் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தாள். "சார் பக்கத்துல இருந்தா தானாவே நின்னுடுமே!"